பிசிறுகளின் பக்கம் நின்று

ராக் இசையின் மேடைப் பதிவுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாதம் முன்வைக்கப்படுகிறது. ஒலிப்பதிவுக்கூடத்தில் மாதக்கணக்கில் செதுக்கப்பட்ட பாடலே மூலம்; மேடையில் பதிவானது அதன் பிசிறடித்த நகல்; தீவிர ரசிகர்கள் நினைவுக்காக வாங்கி வைத்துக்கொள்ளும் பண்டம். இந்த வாதத்தை நாங்கள் முற்றாக மறுக்கிறோம்.

ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் 'விப்பிங் போஸ்ட்', 1969இல் வெளியான அவர்களது முதல் இசைத்தட்டில் ஐந்து நிமிடச் சொச்சம்தான். 1971 மார்ச்சில், நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில், அதே பாடல் ஏறத்தாழ 23 நிமிடங்களுக்கு விரிந்து இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் கிதாரில் பாடலைத் திறந்துகொண்டே போகிறார்கள். ஓரிடத்தில் இசை நின்றே விடுமோ என்னும் அளவுக்கு அடங்கி, மீண்டும் எழுகிறது. அவ்வாண்டு அக்டோபரில் டுவேன் ஆல்மன் 24 வயதில் விபத்தில் இறந்துபோனார். இவற்றில் எதை மூலம் என்பது, எதை நகல் என்பது?

1966 மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் பாப் டிலனை நோக்கி ஒருவர் 'யூதாஸ்' என்று கத்தினார். மின்கிதாரை ஏந்தியதன் வழி அவர் நாட்டார் இசைக்குத் துரோகம் இழைத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. அடுத்து எழும் பாடலின் மூர்க்கம் அந்தச் சொல்லுக்கான பதில். அந்தப் பதிவு வேறோர் அரங்கின் பெயரில் திருட்டுத்தட்டாகவே நெடுங்காலம் உலவி, 1998இல்தான் முறைப்படி வெளியானது. பகைமையோடு அமர்ந்திருக்கும் கேட்பவனை எந்த ஒலிப்பதிவுக்கூடம் உருவாக்கித் தரும்?

எல்லா மேடைப் பதிவுகளும் உயர்ந்தவை என்பதல்ல எங்கள் தரப்பு. சோம்பலான தனிவாசிப்புகளும், ஒப்பந்தக் கணக்கை முடிக்க வெளியான தட்டுகளும் ஏராளம். ஆனால் அவற்றைவிடப் பெரிய கேடு ஒன்றுண்டு: திருத்தம். தின் லிஸ்ஸி குழுவின் 1978ஆம் ஆண்டு மேடைத் தட்டில் பெரும்பகுதி பின்னர் கூடத்தில் மீண்டும் பதிவானது என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. குழுவினரோ அதை மறுத்தனர். எவ்வளவு உண்மை என்ற ஐயம் அந்த அருமையான தட்டை விட்டு நீங்கவேயில்லை. இந்த ஐயத்திற்கு யார் பொறுப்பு? மேடையிலும் குறையற்ற பாடலை எதிர்பார்ப்பவர்களே. குறையே இல்லாத மேடைப் பதிவைக் கேட்பவர், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பொய்யைக் கேட்கிறார்.

த ஹூ குழு 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் வாசித்ததைத் தட்டாக வெளியிட்டபோது, கரகரப்பு ஒலிகளைத் திருத்த வேண்டாம் என்று தட்டின் மீதே எழுதிவைத்தது. 1995 மறுபதிப்பில் அவற்றைத் துடைத்தெடுத்துவிட்டார்கள்.

மறுபதிப்பாளர்களிடம் நாங்கள் கேட்பது அதிகமில்லை. தவறிய சுருதியை, முந்திவிட்ட தாளத்தை, கூட்டத்தின் கூச்சலைத் தொடாதீர்கள். அந்த இரவு எப்படி இருந்ததோ அப்படியே கொடுங்கள். நல்லதா கெட்டதா என்பதைக் கேட்டுவிட்டு நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.