மொறிஸ் மைனரும் புகைச் சோதனையும்

புகைச் சோதனைக்கு முதல்நாள் காரை எந்தக் கராஜுக்குக் கொண்டுபோக வேணும் என்று யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்லுவார். ஐந்து நிமிட வேலை. பொனற்றைத் திறந்து, காபரேற்றரில் ஒரு நட்டைத் திருகி, பெற்றோல் போகிற அளவைக் குறைத்து விடுவார்கள். "நாளைக்குப் பாஸ் பண்ணும். பிறகு கொண்டுவாங்கோ, திருப்பி விட்டுத் தாறன்." அடுத்தநாள் சான்றிதழ் கையில். அதற்கு அடுத்தநாள் நட்டு பழைய இடத்தில். புகையும் பழைய மாதிரியே.

எங்களில் ஒருவரின் மாமா ஹயர் ஓடுகிற மொறிஸ் மைனர் இப்படித்தான் வருடாவருடம் பாஸ் பண்ணி வந்தது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பகலில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வயசாளிகள், இடைக்கிடை கலியாண வீடு. எங்களையும் எத்தனையோ தரம் பஸ் ஸ்ராண்டில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறது. இந்த வருடம் அது இரண்டு தரம் பெயில் ஆனது. மாமாவோடு கூடவே அலைந்ததில் நாங்கள் யோசித்த சில விசயங்களைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்களில் ஒருவருக்கும் மோட்டார் மெக்கானிக்கம் படிப்பில்லை, எல்லாரும் கலைப்பீடம். பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கோ.

முதலில், அந்தச் சோதனை என்ன செய்கிறது? பெற்றோல் வாகனமென்றால் சைலன்சர் குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, வெளியே வருகிற வாயுவில் காபன் மொனொக்சைட்டும் எரியாமல் மிஞ்சிய ஐதரோகாபனும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். டீசலென்றால் அக்சிலேற்றரைத் திடீரென்று மிதித்து, புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறார்கள். இந்தச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஏலாது. 2008இல் தொடங்கிய திட்டம் இது. வடக்குக்குப் போர் முடிந்த பிறகுதான் வந்தது.

மாமாவின் கார் முதல்தரம் காபன் மொனொக்சைட்டில் விழுந்தது. அதாவது பெற்றோல் கூட, காற்றுக் குறைவு. வழக்கமான கராஜ், வழக்கமான நட்டு. இரண்டாம் தரம் காபன் மொனொக்சைட் நன்றாகக் குறைந்திருந்தது, ஆனால் ஐதரோகாபன் ஏறிவிட்டது. எங்களுக்கு விளங்கவேயில்லை. பெற்றோலைக் குறைத்தால் எரியாத பெற்றோல் எப்படிக் கூடும்?

இதை விளக்கியவர் எங்கள் ஊரில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிற ஒரு பழைய மெக்கானிக் ஐயா. கலவையில் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிக் குறைந்தால் சிலிண்டருக்குள் சில நேரம் நெருப்பே பிடிக்காது. பிடிக்காத அந்தப் பெற்றோல் அப்படியே குழாய் வழியே வெளியே வரும். அதுதான் ஐதரோகாபன். "கூடினாலும் பிழை, குறைஞ்சாலும் பிழை. நட்டைத் திருகிறது வைத்தியமில்லை, பிள்ளையள். காய்ச்சல்காரனுக்குத் தேமாமீற்றரைத் தண்ணிக்குள்ள வைச்சுக் காட்டுற மாதிரி."

பிறகு அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பொனற்றுக்குள் குனிந்தார். மொறிஸ் மைனரில் இருப்பது எஸ்யூ காபரேற்றர். அதில் சோக் இழுத்தால் கீழே உள்ள ஜெற் இறங்கும், பெற்றோல் கூடப் போகும், குளிர்ந்த எஞ்சின் ஸ்ராட் ஆகும். சோக்கை உள்ளே தள்ளினால் ஜெற் திரும்ப மேலே வர வேணும். மாமாவின் காரில் சோக் வயர் துருவேறி, ஜெற் சில நாள் முழுக்க மேலே வரும், சில நாள் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற நாளில் பெற்றோல் கூட, முதல் பெயில். நட்டை ஒவ்வொரு வருடமும் இறுக்கி இறுக்கி வைத்ததால், ஜெற் ஒழுங்காக மேலே வந்த நாளில் பெற்றோல் போதாது, இரண்டாம் பெயில். புது வயர் போட்டு, கிறீஸ் பூசி, நட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தார். காபரேற்றரின் பக்கத்தில் இருக்கிற ஒரு சின்னக் கம்பியை மெல்ல உயர்த்தி எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். சத்தம் ஏறி ஏறியே நின்றால் பெற்றோல் கூட. எஞ்சின் நின்றுபோனால் குறைவு. கொஞ்சம் ஏறி அடங்கினால் சரி. வால்வு இடைவெளியையும் பிளக்கையும் பொயின்றையும் பார்த்தார், எயர் பில்ரரைத் தட்டினார், தார் மாதிரி இருந்த எஞ்சின் ஒயிலை மாற்றச் சொன்னார். எல்லாமாக ஒரு பின்னேர வேலை. மூன்றாம் தரம் நல்லாக ஓட்டிச் சூடாக்கி, சூடு ஆறமுதல் சோதனைக்கு விட்டோம். பாஸ்.

இங்கேதான் எங்கள் கேள்வி. அந்த வயர் இந்த வருடம் துருப்பிடித்ததில்லை. பல வருடமாக அந்தக் கார் பிழையோடுதான் ஓடியிருக்கிறது, ஒவ்வொரு வருடமும் சான்றிதழோடு. ஒவ்வொரு சான்றிதழிலும் அளவுகள் அச்சடித்தே இருக்கின்றன. மாமா அவற்றை ஒருநாளும் வாசித்ததில்லை. ஒருவரும் அவருக்கு வாசித்துக் காட்டவுமில்லை. கீழே 'பாஸ்' என்று இருக்கிறதா என்பது மட்டும்தான் எல்லாருக்கும் தேவை. சோதனைக்கு முதல்நாள் பாஸ்ட் பேப்பரைப் பாடமாக்கிவிட்டு, எழுதி முடித்த கையோடு மறந்துபோகிற நாங்கள் இதைப் பெரிதாகக் குறை சொல்லவும் ஏலாதுதான்.

பழைய கார் என்றதும் எங்கள் ஊரில் இரண்டு விதமான பேச்சு வரும். ஒன்று, "இதெல்லாம் எங்கட பாரம்பரியம், இதுகளுக்குச் சோதனையே தேவையில்லை" என்பது. அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதை நாங்கள் லேசாக எடுக்கவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது, சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவை இந்த ஒஸ்ரின்களும் மொறிஸ்களும்தான். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது முடிந்தது, இன்றைய எஞ்சின் தாங்காது. காயப்பட்டவர்களையும் பிள்ளைப்பேற்றுக்குப் போனவர்களையும் ஏற்றி இறக்கியவை அவை. எங்கள் அம்மா அப்பாமாருக்கு அந்த மண்ணெண்ணெய் மணம் இன்னும் மூக்கில் இருக்கிறது. நாங்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள், கேள்விப்பட்டது மட்டும்தான்.

ஆனால் அந்தக் கதையைச் சொல்லி இன்றைக்குப் புகை விட உரிமை கேட்பது சரியாகப் படவில்லை. மண்ணெண்ணெயில் ஓட்டியது வேறு வழியில்லாமல். சோக் வயர் மாற்றாமல் ஓடுவதற்கு அந்தக் காரணம் கிடையாது. இந்தக் கார்களில் நச்சு வாயுவைக் குறைக்கிற கற்றலிற்றிக் கொன்வேற்றரும் இல்லை. எஞ்சினில் வருவது அப்படியே வெளியே வரும். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. மாமாவின் காருக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்கள் அதைத்தான் இத்தனை வருடம் சுவாசித்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை நிற்பாட்டாமல் அவர் காத்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம், ஏறவந்த பிள்ளைகளும்தான். இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எங்களுக்கும் ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

மற்றப் பேச்சு இதற்கு நேரெதிர்: "உந்தப் பழைய தகரங்களை ரோட்டால எடுக்க வேணும்." சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் ஏசி போட்ட வாகனத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025இல். அந்த இடைப்பட்ட காலத்தில் பாவித்த காரின் விலையே எங்கே போனது என்று எல்லாருக்கும் தெரியும். ஹயர் ஓடி மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஒருவர் மொறிஸை விற்றுவிட்டு எதை வாங்குவது? கறுப்புப் புகை கக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போகிற பஸ்களைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை. அந்தப் பஸ்களிடமும் சான்றிதழ் இருக்கும். எப்படி என்று இப்போது எங்களுக்கு விளங்குகிறது.

ஆகவே சோதனை வேண்டும், பழைய காருக்கும் வேண்டும். ஆனால் அது பிழையைக் காட்டுகிற சோதனையாக இருக்க வேண்டும். பெயிலான வாகனக்காரரின் கையில் வெறும் தாளைக் கொடுத்து அனுப்பாமல், "காபன் மொனொக்சைட் கூட, சோக்கையும் எயர் பில்ரரையும் பாருங்கோ", "ஐதரோகாபன் கூட, பிளக்கையும் வால்வையும் பாருங்கோ" என்று தமிழிலும் சிங்களத்திலும் இரண்டு வரி அச்சடித்துக் கொடுப்பதற்கு என்ன செலவு? போன வருட அளவையும் இந்த வருட அளவையும் பக்கத்தில் போட்டால், பாஸான கார்க்காரரும் தன் கார் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். பாஸாகிப் போன வாகனத்தை இடையில் ஒருநாள் ரோட்டில் மறித்துத் திரும்பச் சோதித்தால் நட்டு வியாபாரமும் குறையும். அதைப் பஸ்ஸில் இருந்து தொடங்கட்டும்.

கராஜ்களையும் திட்டிப் பிரயோசனமில்லை. மாமாவின் வழக்கமான மெக்கானிக்கிடம் புகை அளக்கிற மெசின் கிடையாது. அளவு தெரியாமல் அவர் எதைச் சரிப்படுத்துவது? நட்டைத் திருகி அனுப்பி, பாஸா பெயிலா என்று போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். காதால் கேட்டே கலவையைப் பிடிக்கிற ஐயாவுக்கோ கை நடுங்கத் தொடங்கிவிட்டது. தொழில்நுட்பக் கல்லூரிகளில் ஒரு மெசினை வைத்து, பக்கத்துக் கராஜ்காரர்கள் குறைந்த காசுக்குப் பாவிக்க விட்டால், ஐயாவின் அறிவும் படிக்கிற பெடியளுக்கு வந்து சேரும். அவரைக் கூப்பிட்டால் வருவார் என்றுதான் நினைக்கிறோம். கேட்டுப் பார்க்க வேணும்.

எங்களுக்குள் இன்னும் ஒரு வாதம் முடியவில்லை. சரிபண்ணினாலும் அது பழைய எஞ்சின், புதுக் காரைவிட அழுக்காகத்தான் ஓடும், பிள்ளைகளை ஏற்றுகிற வாகனமாக அதை எத்தனை வருடம் வைத்திருப்பது என்று எங்களில் ஒருத்தி கேட்கிறாள். அவளுக்குச் சொல்ல எங்களிடம் நல்ல பதில் இல்லை. மாமா பெற்றோல் இப்போது குறையப் பிடிக்கிறது என்று சந்தோசமாக இருக்கிறார். பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை நிற்பாட்டுகிறார். சான்றிதழின் அளவுகளைப் பேனையால் வட்டம் போட்டு டாஷ்போர்டில் ஒட்டியிருக்கிறார். ஏறுகிற ஆட்களிடமெல்லாம் அதைக் காட்டுவதாகக் கேள்வி.