தனியே படி இறங்காத இளவரசி

விக்டோரியா மகாராணி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது கறுப்பு உடையும் சிரிப்பில்லாத முகமும் கொண்ட ஒரு மூதாட்டியின் உருவமே. அவரும் ஒரு காலத்தில் கணக்குப் போட்டு, இலத்தீன் இலக்கணம் நெட்டுருச் செய்து, குறும்புக்காகக் கண்டிக்கப்பட்ட சிறுமிதான். அவருடைய இளமைப் பருவத்தைப் போற்றுவோர், கண்டிப்பான வளர்ப்பினாலேயே அவர் சிறந்த அரசியானார் என்று கூறி முடித்துவிடுகின்றனர். நமக்கு அக்கருத்து உடன்பாடன்று.

1819-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் இலண்டன் கென்சிங்டன் அரண்மனையில் அவர் பிறந்தார். தந்தை கென்ட் கோமகன் எட்வர்டு, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் நான்காம் மகன். தாய் ஜெர்மன் நாட்டுச் சிற்றரசு ஒன்றின் இளவரசி; முதற் கணவரை இழந்து, இரு குழந்தைகளோடு மறுமணம் புரிந்தவர். குழந்தைக்கு 8 மாதம் ஆனபோதே, 1820 ஜனவரியில், தந்தை காலமானார். பெரிய தந்தையருக்கு முறையான வாரிசு எஞ்சாமையால், 1830-இல் நான்காம் வில்லியம் முடி சூடியபோது 11 வயது விக்டோரியா அரியணைக்கு அடுத்த உரிமையாளர் ஆனார்.

அரண்மனைச் சிறுமியின் வாழ்வு பட்டும் பாலும் தேனுமாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. ‘கென்சிங்டன் முறை’ என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற கட்டுப்பாடுகள் அவரைச் சுற்றி வேலியாக நின்றன. இரவில் தாயின் அறையிலேயே படுக்கை. பகலில் ஒரு கணமும் தனிமை இல்லை. மாடிப்படி இறங்கும்போது யாராவது ஒருவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். உயிருக்கு உயிராக நேசித்த அக்காள் ஃபியோடோரா 1828-இல் திருமணமாகி ஜெர்மனிக்குச் சென்ற பிறகு, மனம் விட்டுப் பேச ஒத்த வயதுத் தோழி எவருமில்லை. இருந்தவை மரப்பாவைகள்தாம். செவிலி ஆசிரியை லேசனும் சிறுமியும் சேர்ந்து உடை தைத்து அணிவித்த அப்பாவைகள் மொத்தம் 132. கணக்கைப் படிக்கும்போதே நமக்கு நெஞ்சு கனக்கிறது. தோழியர் நால்வர் இருந்திருந்தால் இத்தனை பாவைகள் எதற்கு?

1832-இல், வேல்ஸ் பயணம் புறப்படுகையில், 13 வயது மகளுக்குத் தாய் ஒரு நாட்குறிப்பேடு வாங்கிக் கொடுத்தார். நல்ல பரிசுதான். ஆனால் எழுதியதை எல்லாம் பெரியவர்கள் படித்தார்கள். ஆகவே அதில் என்ன இருக்கும்? புறப்பட்ட நேரம், குதிரை மாற்றிய ஊர், பார்த்த இடங்கள். மனத்தில் இருந்தது ஏட்டில் ஏறவில்லை. பிறர் கண்ணுக்காக எழுதும் பெண் ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்வாள், உண்மையை எழுதக் கற்றுக்கொள்ள மாட்டாள்.

தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது. கணவன் விட்டுச் சென்ற கடன், அந்நிய நாடு, சரளமாக வராத மொழி, கணவன் வீட்டாரிடம் அச்சம். அந்நிலையில், மறைந்த கோமகனிடம் பணி புரிந்த சர் ஜான் கான்ராய் என்னும் அதிகாரியை அவர் முழுக்க முழுக்க நம்பினார். கான்ராயின் கணக்கு வேறு. 18 வயது நிரம்புமுன் விக்டோரியா அரசியானால் தாயே ஆட்சிப் பொறுப்பாளர் என்று 1830-இல் சட்டம் செய்யப்பட்டிருந்தது. தாயின் பின்னால் நின்று ஆள்வது தாமே என்பது அவர் திட்டம். ஆகவே சிறுமி எதற்கும் பிறரை எதிர்பார்ப்பவளாகவே வளர வேண்டியிருந்தது. பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் இப்படியும் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

படிப்பில் குறை வைத்தார்கள் என்று சொல்ல முடியாது. பிரெஞ்சு, ஜெர்மன், வரலாறு, ஓவியம், இசை அனைத்தும் உண்டு. 1830-இல் ஆயர்கள் இருவர் வந்து தேர்வு வைத்து, மனநிறைவோடு திரும்பினர். தேர்வில் தேறுவதற்கு அந்த முறை போதுமானதாக இருந்தது. அடுத்து வந்த சோதனையில் அது கைகொடுக்கவில்லை.

1835 அக்டோபரில் ராம்ஸ்கேட் என்னும் கடற்கரை ஊரில் விக்டோரியா கடுமையாக நோயுற்றார். எழுந்து நடக்கவும் வலுவின்றிப் படுத்திருந்த 16 வயதுப் பெண்ணிடம், அரசியானதும் கான்ராயையே அந்தரங்கச் செயலராக்குவதாக உறுதி தரும்படி வற்புறுத்தினர். தாயும் சேர்ந்தே வற்புறுத்தினார். விக்டோரியா மறுத்துவிட்டார். பக்கத்துணையாக நின்றவர் லேசன் ஒருவரே. பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியை ஒருத்தி, ஒரு மாணவியின் மறுப்புக்குத் தோள் கொடுத்தாள்! அரசியின் உண்மையான கல்வி அந்த நோய்ப்படுக்கையில்தான் நடந்தது என்போம்.

1837 மே மாதம் 18 வயது நிறைவுற்றபோது, ஆண்டுக்கு 10,000 பவுன் தனி வருமானமும் தனிப் பணியாளரும் தருவதாக மன்னர் எழுதினார். பதிற்கடிதத்தை மற்றவர்கள் எழுதிக் கொடுக்க, விக்டோரியா பார்த்து எழுதிக் கையொப்பமிட வேண்டியதாயிற்று. கடிதம் அவருடையதன்று என்று மன்னருக்குப் புரிந்துவிட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 20 விடியற்காலையில் மன்னர் இறந்தார். காலை 6 மணிக்குத் தாய் வந்து எழுப்பினார். காந்தர்பரிப் பேராயரும் கானிங்ஹாம் பிரபுவும் செய்தியோடு காத்திருந்தனர். இரவு உடைமேல் ஓர் அங்கி அணிந்து விக்டோரியா அந்த அறைக்குள் தனியாகச் சென்றார். அன்றைய நாட்குறிப்பில் ‘தனியாக’ என்ற சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. அமைச்சர்களையும் தனியாகவே சந்தித்தார். அன்றே தம் கட்டிலைத் தாயின் அறையிலிருந்து எடுக்கச் செய்தார். தம் அலுவல்கள் எதிலும் கான்ராய்க்கு இடமில்லை என்றும் ஆக்கினார். பதினெட்டு ஆண்டுக் கண்காணிப்பின் பயன், மகள் தாயை விட்டு விலகியதே.

பெற்றோரையும் ஆசிரியைகளையும் குறை கூற நாம் வரவில்லை. கண்டிப்பு வேண்டும், அதை நாம் மறுக்கவில்லை. நேரத்தோடு வீடு திரும்பச் சொல்வதும், துணையோடு போகச் சொல்வதும் அன்பினால்தான். ஆனால் மகளின் நாட்குறிப்பைப் புரட்டுவதும், விடுதிப் பெண்ணுக்கு வந்த கடிதத்தைப் பிரிப்பதும், இன்று அவள் கைபேசியை எடுத்து ஆராய்வதும் எந்த வகையைச் சேர்ந்தவை? கை பிடித்து நடத்துவது குழந்தைக்கு நன்று. எந்த வயதில் கையை விடுவது என்று யோசிக்காதவர்களைத்தான் நாம் கேட்கிறோம். நமக்கு முடி சூட்ட எந்தப் பேராயரும் விடியற்காலையில் வரப்போவதில்லை. எனினும் வேலை, திருமணம், பணம் என்று நாமே விடை சொல்ல வேண்டிய நாள் நமக்கும் வரும். அன்றுதான் முதன்முதலாகத் தனியே படி இறங்குவதா?

விக்டோரியா இதைத் தம் பிள்ளைகள் விஷயத்தில் உணர்ந்தாரா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். மூத்த மகன் எட்வர்டைக் கடுங்கண்காணிப்பில் வளர்த்தார். கடைசி மகள் பியாட்ரிஸ் திருமணம் செய்ய விரும்பியபோது, பல மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் சீட்டு எழுதியே தொடர்பு கொண்டார். திருமணத்துக்குப் பிறகும் தம்முடனேயே தங்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் 1885-இல் அது நடந்தது.

தாயோடு நேர்ந்த மனக்கசப்பு, 1840-இல் ஆல்பர்ட்டை மணந்த பின், அவருடைய முயற்சியால் மெல்ல மெல்லத் தணிந்தது. 1861 மார்ச்சில் தாய் இறந்தார். அவர் விட்டுச் சென்ற பெட்டிகளையும் தாள்களையும் மகாராணி திறந்து பார்த்தார். தாம் சிறுமியாய் இருந்தபோதைய சின்னஞ்சிறு பொருள்களை எல்லாம் தாய் பத்திரமாக வைத்திருந்தார். தம்மைப் பற்றித் தாய் எழுதி வைத்த குறிப்புகளும் இருந்தன. தம் நாட்குறிப்பைப் படித்த தாயின் ஏடுகளை இப்போது மகள் படித்தார். தாம் எவ்வளவு நேசிக்கப்பட்டிருந்தோம் என்பதை அன்றுதான் அறிந்து, நாள்கணக்கில் அழுதார். அப்போது அவருக்கு வயது 41.