படகில் ஏறாதவன் பயந்தாங்கொள்ளியா?

திருத்தணி முருகனைக் காண 365 படி ஏறுகிறோம். கடலைக் காண எங்கே போகிறோம்? மெரினாவுக்கு! நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே பழவேற்காடு இருக்கிறது. பலருக்கு அது நினைவுக்கே வருவதில்லை.

கோடையின் கடைசியில் நண்பர்கள் நான்கு பேர் போய் இரண்டு நாள் தங்கினோம். எவ்வளவு பெரிய உப்புநீர் ஏரி! பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் கிளம்பும் இடம். 1613-ல் டச்சுக்காரர் கட்டிய கோட்டை சிதைந்துவிட்டது. அவர்களுடைய கல்லறைகள் நிற்கின்றன. (பூநாரை பார்க்க மார்கழியில் போகவேண்டும். நாங்கள் பார்த்தது வெயிலைத்தான்!)

மறுநாள் ஒரு படகுக்காரர் கூப்பிட்டார். "முகத்துவாரம் வரை போய் வரலாம், வாங்க சார்!"

மீன்பிடி படகு. ஒரு லைப் ஜாக்கெட்கூட இல்லை. நான் மறுத்தேன். "பயந்தாங்கொள்ளி!" என்று நண்பர்கள் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். 2011 டிசம்பர் 25 அன்று இதே பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்தது. 22 பேர் மாண்டார்கள். பெண்கள், குழந்தைகள்! அதன்பிறகு சவாரிக்குத் தடை போட்டார்கள்.

தடை மட்டும் போதுமா? முகத்துவாரத்தை மணல் மூடினால் மீன் குறைகிறது. மீனவர் வயிற்றுக்கு என்ன செய்வார்? அரசே நல்ல படகு விடட்டும். ஆளுக்கொரு லைப் ஜாக்கெட் கொடுக்கட்டும். இத்தனை பேர்தான் என்று கணக்கு வைக்கட்டும். ஓட்டும் வேலையை அந்த மீனவருக்கே தரட்டும். அதுவரை கரையே போதும்.

நாங்கள் கரையில் உட்கார்ந்து நண்டு வறுவல் சாப்பிட்டுவிட்டு, பொன்னேரி பஸ் ஏறினோம். என்னைப் பயந்தாங்கொள்ளி என்ற நண்பர்தான் நண்டுக்குக் காசு கொடுத்தார்.