வந்தவர் கையில் படம் தரும் பூத்தை எடுங்கள்

பள்ளிபாளையம், குமாரபாளையம், ஆற்றுக்கு அக்கரையில் ஈரோடு என இந்தப் பக்கத்து மண்டபங்களில் நடக்கும் வரவேற்புகளில் மேடை அலங்காரம், விருந்து, பாட்டுக் கச்சேரி ஆகியவற்றோடு போட்டோ பூத்தும் ஒரு செலவுக் கணக்காகச் சேர்ந்து வருகிறது. வாடகைக்குப் பேசும்போது நம் கண் முதலில் போவது விளக்கு, புகை, சுழலும் கேமரா, பின்திரை ஆகியவற்றின் மீதுதான். இவையெல்லாம் அழகு சேர்ப்பவை. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: விசேஷத்துக்கு வந்தவர் அந்த பூத்திலிருந்து கையில் எதைக் கொண்டு போகிறார்? இதற்கு ‘அச்சிட்ட ஒரு படம்’ என்று பதில் வராத பூத்துக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண் என்பதே என் கருத்து.

நம் கல்யாணங்களில் விருந்தினர் படம் எடுக்கப்படுகிறாரே தவிர, அந்தப் படம் அவரிடம் போய்ச் சேருவதில்லை. மேடையேற வரிசையில் காத்திருக்கிறார், மொய் எழுதுகிறார், மணமக்களோடு நிற்கிறார், இறங்கிச் சாப்பிடப் போகிறார். அவர் நின்ற படம் மணவீட்டார் ஆல்பத்தோடு நின்றுவிடுகிறது. தறிப்பட்டறையில் ஷிப்ட் முடித்துவிட்டு, குடும்பத்தோடு நல்ல துணி உடுத்தி வந்தவருக்கு அப்படி ஒரு நாள் அடிக்கடி வாய்ப்பதில்லை. போட்டோ பூத் பிறந்ததே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். சைபீரியாவிலிருந்து குடியேறிய அனடோல் ஜோசெஃபோ 1925-ல் நியூயார்க்கின் பிராட்வேயில் தன் தானியங்கிப் படப்பெட்டியை வைத்தபோது, 25 சென்ட் போட்டவருக்கு 8 படம் கொண்ட பட்டை சில நிமிடங்களில் கிடைத்தது. ஸ்டூடியோவுக்குப் போக வசதியில்லாதவரும் தன் முகத்தைத் தானே வைத்துக்கொள்ள முடிந்ததுதான் அதன் வெற்றிக்குக் காரணம். படம் கைக்கு வராவிட்டால் அது பூத் அல்ல, இன்னொரு கேமரா மட்டுமே.

இன்று அதிகம் கேட்கப்படுவது 360 டிகிரி பூத். ஒரு மேடையில் இரண்டு மூன்று பேர் ஏறி நிற்க, நீண்ட கை ஒன்று கேமராவோடு அவர்களைச் சுற்றி வந்து வீடியோ எடுக்கிறது. ஏறி, சுற்றி, இறங்கி, வீடியோவை வாங்கிக்கொள்ள ஒரு குழுவுக்கு 2 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 3 மணி நேர வரவேற்பில் 90 குழு. குழுவுக்கு 3 பேர் என்றே வைத்தாலும் 270 பேர். அச்சிடும் பூத்தில் குழுவுக்கு 1 நிமிடம், 5 பேர் என்றால் அதே நேரத்தில் 900 பேர். ஊரையே அழைத்துச் செய்யும் விசேஷத்துக்கு எது பொருந்தும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். 360 மேடையில் முழங்கால் வலிக்காரப் பாட்டி ஏற முடியாது. சுழலும் கை சுற்றியோடும் குழந்தைகள் மீது படாமல் காக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும். கூட்டம் நிறைந்த மண்டபத்தில் இணையம் திணறினால் வீடியோ போய்ச் சேராமல் வரிசை நீளும்.

அச்சிடும் பூத் என்று சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. நல்லவர்கள் வைத்திருப்பது டை சப்ளிமேஷன் பிரிண்டர். ரிப்பனிலுள்ள மஞ்சள், மெஜந்தா, சயான் நிறங்களை வெப்பத்தால் தாளில் ஏற்றி, கடைசியில் மேலே ஒரு காப்புப் படலமும் போடும். படம் காய்ந்தே வெளியே வரும்; விரல் ரேகையோ தண்ணீர்த் துளியோ எளிதில் கெடுக்காது. இங்க்ஜெட்டில் எடுத்த படம் பந்திக்குப் போய்வரும் ஈரக் கையில் மை இளகக்கூடும். மேலே சொன்ன கணக்குப்படி 180 குழுவுக்கு இரண்டு பிரதி என்றால் 360 தாள் வேண்டும். அதற்கு மேல் ரோல் கொண்டுவருகிறார்களா, கரண்ட் போனால் பிரிண்டருக்கு யுபிஎஸ் உண்டா என்று கேட்டே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

இளைஞர்கள் ரீல்ஸ்தான் கேட்கிறார்கள் என்பார்கள். அச்சிடும் பூத்திலும் டிஜிட்டல் பிரதி தருகிறார்கள். இதில் அவர்களுக்கு இழப்பில்லை. ஆனால் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியாகப் போட்டது 24 மணி நேரத்தில் மறைகிறது. எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது தாள் எதற்கு என்பது அடுத்த கேள்வி. போனைப் பிடித்துப் படம் எடுப்பவர் ஒருவர் இருக்கும்வரை குடும்பம் முழுதாகப் படத்தில் நிற்பதில்லை. போன் மாறும்போது படங்களும் பல வீடுகளில் போய்விடுகின்றன. செலவு அதிகம் என்பது மட்டும் நியாயமான தடை. அதற்கும் வழி உண்டு: பின்திரை அலங்காரத்தைக் குறைத்து அந்தப் பணத்தைத் தாளுக்குக் கொடுக்கலாம், கூட்டம் வரும் மூன்று மணி நேரத்துக்கு மட்டும் அமர்த்தலாம். அதுவும் முடியாதவர்கள் பூத் இல்லாமலே நடத்தலாம். அதில் ஒரு குறைவும் இல்லை.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். பூத் விருந்தினரின் முகத்தையும், பல நேரம் செல்போன் எண்ணையும் வாங்கிக்கொள்கிறது. ‘செல்ஃபி எடுத்து அனுப்பினால் உங்கள் படங்கள் வரும்’ என்ற வசதி முகத்தை அடையாளம் காணும் மென்பொருளால் நடக்கிறது. கல்யாணப் படக்காரரும் முகத்தைத்தானே எடுக்கிறார் என்று கேட்கலாம். அவர் தொகுத்துத் தருவது ஒரு குடும்பத்துக்கு. பூத்தின் லிங்க் கை மாறினால் பிள்ளைகளின் படங்களும் முன்பின் தெரியாதவரிடம் போகும். நாடாளுமன்றம் 2023-ல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது; அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அழைத்தவர் நாம் என்பதால் ஒரம்பரையின் மானத்துக்குப் பொறுப்பும் நம்முடையதே. படங்களை எத்தனை நாளில் அழிப்பார்கள், விளம்பரத்துக்குப் போடுவார்களா என்பதைக் கேட்க வேண்டும். அச்சில் தீர்ந்த ரிப்பனில்கூட ஒவ்வொரு முகத்தின் சாயலும் பதிந்திருக்கும். அதைக் கிழித்துப் போடச் சொல்வதும் நம் வேலை.

ஆகவே அடுத்த தை, வைகாசி, ஆவணிக்கு மண்டபம் பேசியிருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாதிரி வீடியோவைப் பார்த்து மயங்காமல், மாதிரிப் படம் ஒன்றை அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை தாள், எத்தனை மணி நேரம், போக்குவரத்துச் செலவு யாருடையது, படங்கள் எப்போது அழிக்கப்படும் என்ற நான்கையும் எழுதி வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.