கல் நம்முடையது, பெயர் யாருடையது?

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் ஒரு கறுப்புச் சுவர் இருக்கிறது. வியட்நாம் யுத்தத்தில் மாண்ட அமெரிக்கச் சிப்பாய்களின் நினைவாக 1982 நவம்பரில் திறக்கப்பட்டது. அந்தச் சுவரின் கல் எங்கிருந்து போயிற்று, தெரியுமா தோழர்களே? நம் பெங்களூர்ப் பக்கத்திலிருந்து! கனடாவிலும் சுவீடனிலும் அதற்கேற்ற கருங்கல் கிடைக்கும். ஆனால், "இந்த யுத்தத்துக்கு வரமாட்டோம்" என்று ஓடிப்போன வாலிபர்களுக்கு அடைக்கலம் கொடுத்த நாடுகளாயிற்றே அவை! ஆகவே அந்தக் கல் வேண்டாம் என்று ஒதுக்கினார்களாம். கல்லுக்கும் தீட்டு!

நம் நாட்டுக் கல்லுடைக்கும் தொழிலாளியின் வியர்வை பட்ட அந்தக் கல்லில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள். 1959 முதல் 1975 வரை, யார் எந்த நாளில் விழுந்தார்களோ அந்த வரிசை. பதவி இல்லை, பட்டம் இல்லை. சுவர் கண்ணாடிபோல் பளபளக்கிறது. பெயரைப் படிக்கக் குனிகிறவன் தன் முகத்தையும் அதில் காண்கிறான்.

சர்க்கார் கட்டியதா இது? இல்லை. யுத்தத்துக்குப் போய்க் காயத்தோடு திரும்பிய ஜான் ஸ்க்ரக்ஸ் என்னும் சாதாரணச் சிப்பாய் 1979இல் ஆரம்பித்த முயற்சி. முதலில் சேர்ந்தது 144 டாலரும் 50 சென்டும்தான், கேலி பேசினார்கள். பிறகு ஜனங்கள் கொடுத்துக் கொடுத்து 80 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. யுத்தத்துக்காகக் கஜானாவைத் திறந்துவிட்ட சர்க்கார், செத்தவனுக்குக் கொடுத்தது இரண்டு ஏக்கர் இடம்.

போட்டிக்கு வந்த 1,421 வரைபடங்களில் தேர்வானது மாயா லின் என்ற 21 வயது மாணவியுடையது. பெற்றோர் சீனாவிலிருந்து வந்தவர்கள். உடனே எழுந்தது கூச்சல்! கோடீசுவரர் ராஸ் பெரோ எதிர்த்தார். உள்துறை மந்திரி ஜேம்ஸ் வாட், சிலையும் கொடிக்கம்பமும் வைக்கச் சம்மதிக்கும்வரை அனுமதி தராமல் இழுத்தடித்தார். அவர்களுக்கு வீரம் தெரியவேண்டும், வெற்றிக்களை வேண்டும்; வெறும் பெயர்கள் உறுத்தின. 1984இல் மூன்று சிப்பாய்களின் வெண்கலச் சிலை வந்தது. ஆனால் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு தாய்மார்கள் போனது சுவரிடம்தான். மகன் பெயரின்மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்து மடித்து எடுத்துப்போனார்கள்.

யார் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள்? கிறிஸ்டியன் ஆப்பி என்ற சரித்திர ஆசிரியர் 1993இல் கணக்குப் போட்டுச் சொன்னார்: யுத்தத்துக்குப் போனவர்களில் நூற்றுக்கு 80 பேர் தொழிலாளர், ஏழைகளின் மக்கள். எப்படி நேர்ந்தது? கல்லூரியில் படிக்கிறாயா, கட்டாய ராணுவ சேவை உனக்கு ஒத்திவைப்பு! 1971 வரை இதுதான் சட்டம். ஐந்து முறை ஒத்திவைப்பு வாங்கிய டிக் செனி, 1989இல் பாதுகாப்பு மந்திரி. 2001இல் உதவி ஜனாதிபதி. 2003இல் இராக் மீது படை போகவேண்டும் என்று முன்நின்று பேசியவர்!

படிக்க வசதியில்லாதவன்? அவனுக்காக 1966இல் மக்நமாரா ஒரு திட்டமே போட்டார். பரீட்சையில் தேறாதவர்களையும் சேர்த்துக்கொள்ளத் தகுதியைத் தாழ்த்தினார். வறுமையிலிருந்து கைதூக்கி விடுகிறோம் என்று பெயர்! மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். சுவரில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் பெயரும் இருக்கிறது. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்து, 1969இல் செத்தான். மக்நமாராவோ, யுத்தம் தவறு என்று 1995இல் புத்தகம் எழுதினார். 2009இல், 93ஆம் வயதில் காலமானார்.

இத்தனையும் சுவரின் ஒரு பக்கம். அதே 1995இல் வியட்நாம் சர்க்கார் தன் கணக்கை வெளியிட்டது: 11 லட்சம் போராளிகள், 20 லட்சம் பொதுமக்கள். இவர்களுக்கும் பெயர் வெட்டுவதென்றால் இதுபோல் ஐம்பதுக்கு மேற்பட்ட சுவர்கள் வேண்டும். நம் மலைகள் காணுமோ என்னவோ! துருவோங் சோன் மயானத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட வீரர்களின் சமாதிகள். அவர்களும் வாலிபர்கள்தாம், பெரும்பாலும் உழவர் வீட்டு மக்கள். பலருக்குச் சமாதியிலும் பெயர் கிடையாது. எங்கே விழுந்தார்கள் என்றே தெரியாதவர்களின் எலும்பைத் தேடி, காட்டையும் வயலையும் அந்த ஜனங்கள் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.