கையெழுத்து யாருடையது?

திரை உயர்கிறது. மருத்துவமனைத் தாழ்வாரம். விசிப்பலகையிலே ஒரு தாய். மடியிலே ஒன்று, கைப்பிடியிலே ஒன்று, வயிற்றிலே ஒன்று.

"கணவன் எங்கே?"

"வேலை தேடிப் போனவர். இரண்டு மாதமாய்த் தகவல் இல்லை. இன்னொன்றைத் தாங்க எனக்குச் சக்தியில்லை, அம்மா."

"அவர் கையெழுத்து இல்லாமல் கருக்கலைப்பு நடவாது. அடுத்த வாரம் வா!"

திரை விழுகிறது.

தோழர்களே! காட்சி நாடகக்காரனின் கற்பனை. கேள்வியோ நாட்டு நடப்பு. 'அடுத்த வாரம்' என்பது நமக்கு ஏழு நாள். அவளுக்கோ, வழி அடைபடுகிற ஏழு நாள்! மாத்திரைக்கு விதி வகுத்த எல்லை ஒன்பது வாரம். அந்த எல்லையைத் தாண்டும்வரை தள்ளி வைத்துவிட்டு, 'ஏன் முன்னமே வரவில்லை?' என்று கேட்பதற்கும் ஆளிருக்கிறது.

கல்லூரிப் படியைப் பாதியிலே இறங்கியவன் நான். எனினும் சட்டத்தை எழுத்தெண்ணிப் படித்துப் பார்த்தேன். வயது வந்த பெண்ணுக்கு அவள் ஒப்புதல் ஒன்றே போதும் என்கிறது. கணவன் கையெழுத்தைக் கேட்கும் வரி ஒன்றுகூட இல்லை! ஏட்டிலே இல்லாத நிபந்தனை, நாட்டிலே நடமாடுகிறது.

வரலாற்றைக் கேளுங்கள். 1860-ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சி இயற்றிய தண்டனைச் சட்டம், 312-ஆம் பிரிவு: உயிர் காக்கவன்றிக் கருவைக் கலைப்பது குற்றம், தன் கருவைத் தானே கலைத்துக்கொண்டவளும் குற்றவாளி! அந்த அச்சத்திலே மறைவிடம் தேடி மாண்ட மகளிர் எத்தனை எத்தனை! அந்தச் சாவைத் தடுக்கவே 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கையின் வழியே 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் பிறந்தது. 1972 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2021-இல் எல்லை விரிந்தது: 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, குறிப்பிட்ட சில பிரிவினருக்கு 24 வாரம் வரை இருவரின் கருத்து. 2022 செப்டம்பர் 29-இல், மணமானவள், மணமாகாதவள் என்று பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் உற்று நோக்குங்கள்: அது மருத்துவருக்குக் காப்புத் தருகிறது, மங்கைக்கு உரிமை தரவில்லை. 'எனக்கு வேண்டாம்' என்று அவள் சொன்னால் போதாது. 'ஆம்' என்று மருத்துவர் கருத வேண்டும். 312-ஆம் பிரிவோ, 2024 சூலை முதல் புதிய சட்டத்தின் 88-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. எண் மாறிற்று; எண்ணம் மாறவில்லை!

விளைவைக் கணக்கிலே காணுங்கள். லான்செட் மருத்துவ இதழ்க் குழுமம் வெளியிட்ட ஆய்வு, 2015-இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகளை 1 கோடியே 56 லட்சம் என்று மதிப்பிட்டது. அரசுப் பதிவேட்டில் ஏறியதோ ஏறத்தாழ 7 லட்சம்! நூற்றுக்கு 73, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. நூற்றுக்கு 22 மட்டுமே மருத்துவமனைக்குள். ஏறத்தாழ 8 லட்சம் பேர் நாடியவை வேறு வழிகள், பெரும்பாலும் ஆபத்தானவை.

மாத்திரையை நஞ்சென்று நான் சொல்லவில்லை. உரிய காலத்தில், உரிய அளவில், உரிய விளக்கத்தோடு உட்கொண்டால் பாதுகாப்பானது என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த விளக்கம் சொல்ல ஆளில்லையே என்பதுதான் வேதனை! 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்நாட்டின் ஊரகச் சமுதாய நல மையங்களுக்குத் தேவையான மகப்பேறு மருத்துவர்களில், நால்வருக்கு மூவர் என்ற அளவில் பற்றாக்குறை. பணமுள்ளவள் நகரத்துக்குக் காரிலே போகிறாள். பணமில்லாதவள் கடைக்காரரிடம் கைநீட்டுகிறாள்.

'கதவைத் திறந்தால் பெண் சிசு அழியுமே!' என்பார்கள். அந்தக் கவலை உண்மையானது. அதற்காகத்தான் கருவின் பாலினம் அறிவதைக் குற்றமாக்கி 1994-இல் தனிச் சட்டம் வந்தது. கருவி வைத்துப் பால் பார்ப்பவனைப் பிடியுங்கள். கலங்கி நிற்கும் தாயைத் துரத்தாதீர்கள்!

கருத்தடையை மற்றவர்கள் மக்கள்தொகைக்காகப் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காகப் பேசியவர் பெரியார். அவரைப் போற்றும் நம் வீட்டிலே, மனைவியின் வயிற்றுக்கு மாமியார் தீர்ப்பு எழுதினால், மேடையிலே நாம் முழங்கியது என்ன?

ஆகவே தோழர்களே, பணி இருக்கிறது. உங்கள் வட்டத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் உண்டா, மாத்திரை இருப்பில் உண்டா என்று கேளுங்கள். 'வயது வந்த பெண்ணின் ஒப்புதல் போதும்' என்று பலகை வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் மனுக் கொடுங்கள்; மறுத்தால் மன்றத்திலே எழுப்புங்கள். ஆட்சியிலே எவர் இருந்தாலும் கேளுங்கள்!

திரை மீண்டும் உயரட்டும். அதே தாழ்வாரம், அதே தாய். இம்முறை கேள்வி ஒன்றே:

"அம்மா, உன் முடிவு என்ன?"

அவள் கையெழுத்திடுகிறாள். அவளுடைய கையெழுத்து!