வெட்கப்பட்டு மறைக்கலாமா?

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 46. மூன்று வருஷமாக உட்கார்ந்தால் வலி. படுத்தால் தேவலை. ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல் நின்றுகொண்டே சாப்பிட்டாள். "என்னக்கா, புது ஃபேஷனா?" என்று நான்தான் முதலில் கிண்டல் செய்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பார்த்த டாக்டர் "எடையைக் குறைங்க" என்றார். இன்னொருவர் மாதவிலக்கு நிற்கும் வயசு என்று மாத்திரை எழுதினார். மாமியாரோ, "எங்களுக்கெல்லாம் இடுப்பு வலிக்கலையா?" என்றார்.

கடைசியில் தில்லை நகரில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தபோதுதான் 'டார்லோவ் நீர்க்கட்டி' என்று வந்தது. கட்டி என்றதும் வீடே அழுதது. இது புற்றுநோய் இல்லை, சகோதரிகளே! இடுப்புக்குக் கீழே முக்கோணமாக இருக்கும் எலும்புக்குள், நரம்பு வேரைச் சுற்றி முதுகுத்தண்டு நீர் பை மாதிரி தேங்குவது. 1938-ல் கனடாவின் மான்ட்ரியாலில் டாக்டர் டார்லோவ் கண்டுசொன்னது. (அதே ஊரில் பயிற்சி பெற்று வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டிதான் 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பித்தார். நம் பக்கத்துக்கு அந்த வைத்தியம் வந்து 75 வருஷம் தாண்டிவிட்டது.)

இந்தக் கட்டி இருக்கிற பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தென்படும். அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஆபரேஷனுக்கு ஓடுவதும் தப்பு. "இது ஒண்ணும் செய்யாது, மறந்துடுங்க" என்று தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்புவதும் தப்பு. தொந்தரவு வருகிறவர்களில் பெண்களே அதிகம். நம் வலியை யார் பெரிசாக எடுத்துக்கொள்கிறார்கள்?

நரம்பு அறுவை டாக்டர், "சிறுநீர் தெரியாம போகுதாம்மா?" என்று கேட்டார். அக்கா அத்திம்பேரைப் பார்த்தாள். "அதெல்லாம் இல்லை" என்றாள். புடவை நனைவதும், இரவில் துணி வைத்துக்கொண்டு படுப்பதும் எனக்குத் தெரியும். அத்திம்பேரை மருந்து வாங்க அனுப்பிவிட்டு நான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் டாக்டரின் பேச்சே மாறியது. வலி, மரத்துப்போகும் இடம், கட்டி அழுத்தும் நரம்பு மூன்றும் பொருந்துகிறதா என்று சோதித்துவிட்டு ஆபரேஷன் சொன்னார்.

"கட்டியை வெட்டி எடுத்துடுங்களேன்" என்றார் அத்திம்பேர். அது முடியாதாம். பையின் சுவரிலேயே நரம்பிழைகள் ஓடுகின்றன. ஊசியால் நீரை எடுத்தால் பலருக்கும் மறுபடி நிரம்பிவிடும். ஆகவே எலும்பில் சின்னதாக ஜன்னல் திறந்து, பையைத் திறந்து நீரை வடித்து, சுருக்கித் தைத்து, கொழுப்பையோ தசையையோ வைத்து அடைக்கிறார்கள். "நிறைய பேருக்கு வலி குறையும், எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். நீர் மறுபடி சேரலாம், தையல் வழியா கசியலாம். எழுந்து நின்னா தலை வலிச்சா உடனே வாங்க" என்று அவர் ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

எட்டு மாதம் ஆகிறது. அக்கா இப்போது ஒரு மணி நேரம் உட்காருகிறாள். வலி பாதிக்கு மேல் போய்விட்டது. சிறுநீர்க் கசிவு மட்டும் முழுசாக நிற்கவில்லை. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்ததாம். குடம் தூக்கக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மாமியாரே வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார், முணுமுணுத்துக்கொண்டேதான்.

டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி கேள்விகளைக் கேட்கும்போது கணவரை, மாமியாரை ஐந்து நிமிஷம் வெளியே உட்கார வையுங்கள். வெளியே போகச் சொல்ல எங்களுக்கு வாய் வராது.

இதை எழுதச் சொன்னதே அக்காதான். "எழுது, ஆனா பேர் போட்டுடாதே" என்றாள்.

- ஒரு வாசகி, திருச்சி